பின்வரிசைக்கும் கேட்கட்டும்

பென்சில் இரண்டும் சீவியாயிற்று. மூன்றாவதைச் சீவ வேண்டிய அவசியம் குற்றாலிங்கத்துக்கு இல்லை, ஒரு கூட்டத்துக்கு இரண்டே தாராளம், ஆனாலும் கை சும்மா இருந்தால் சட்டைப் பைக்குள் போகிறது, பைக்குள் அந்தக் கைக்குட்டை இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டால் இன்றைக்கு வேலை ஓடாது, ஆகவே சீவினான். நாலு மணி வெயில் சந்தை மைதானத்தில் இன்னும் இறங்கவில்லை. மேடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, நாலு செங்கலின் மேல் ஒரு பலகை, அதற்கு மூன்றடி தள்ளி போலீஸ் சுருக்கெழுத்தாளருக்கு ஒரு ஸ்டூல், ஒரு பெஞ்சு. கூட்டம் போட வேண்டுமென்றால் மூன்று நிபந்தனை: ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும், மைக் கூடாது, பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் போலீஸ் ஆள் எழுதியாக வேண்டும். தேர்தலை நிறுத்தி மூன்று வருஷமாகிறது, பத்திரிகையில் அரசாங்கம் படித்துப் பார்த்து அனுமதித்ததுதான் வருகிறது, அப்படியிருக்க பரிபூரணம் டீச்சர் இந்த ஊரில் என்ன பேசினாள் என்பதற்கு இருக்கிற ஒரே எழுத்துச் சாட்சி குற்றாலிங்கத்தின் நோட்டுதான். அந்த நோட்டில் இன்றைக்கு அவள் பேசாத ஒரு வரி ஏறப்போகிறது. ஏற்றப்போகிறவன் அவன்தான். இன்ஸ்பெக்டர் குலசேகரன் அதோ வேப்ப மரத்தடி ஜீப்பில் சாய்ந்து நின்று பார்க்கிறார். பதினோரு நாளைக்கு முன்னால் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, டீ வரவழைத்துக் கொடுத்துச் சொன்னார்: “ஒரு வரி வே. ஒரே ஒரு வரி. கையில கெடச்சத எடுத்து அடிங்கன்னு அவ சொன்னதா ஒரு வரி விழுந்தாப் போதும், பத்து வருசத்துக்கு வெளிய வரமாட்டா. உம்ம தங்கச்சிக்குச் செய்ற காரியம்னு நெனச்சுக்கிடும்.” சரி சார் என்றான். டீயையும் குடித்தான். இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வேண்டுமா என்ன. தங்கச்சி ஆவுடை செத்து நாலு மாதம். இந்த டீச்சர் தெருவில் உட்காரச் சொன்னாள், ஆவுடை உட்கார்ந்தாள், செத்தாள். யாரும் சொல்லாவிட்டாலும் அந்த வரியை அவன் எழுதத்தான் எழுதியிருப்பான்.

கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது, அவள் வந்தாள். அதே வெளிறிய நீலப் புடவை, அதே ரப்பர் செருப்பு, முப்பத்தொரு வருஷம் கணக்குப் பாடம் நடத்திய தொண்டை. நேரே பலகைக்குப் போகமாட்டாள், முதலில் அவன் பெஞ்சுக்குத்தான் வருவாள், ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படித்தான், “தம்பி, ஆரம்பிக்கட்டுமா? வேகமாப் போனா கையக் காட்டுங்க,” என்பாள், அவனும் சரிங்க டீச்சர் என்று தலையாட்டுவான், அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது கழுத்தை ஒடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. இன்றைக்கும் வந்தாள். நின்றாள். கேட்கவில்லை. அவன் நோட்டைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டு பலகையில் ஏறினாள். பயமா? இருக்கட்டும், நன்றாகப் பயப்படட்டும். நாலு மாதமாகத் துக்கம் கேட்க அவன் வாசலை மிதிக்கவில்லை, வந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பான், அடிக்கவாவது வந்திருக்கலாம். “என் பேரு பரிபூரணம்,” என்றாள். எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் முதலில் சொல்வாள். முன்வரிசையில் தையல்கடைப் பாக்கியத்தாய் அதை அப்படியே வாங்கித் திரும்பி இரண்டாம் வரிசைக்குச் சொன்னாள், இரண்டாம் வரிசை மூன்றுக்கு, அது நாலுக்கு, மைக் இல்லாத ஊரில் இவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது, ஒரு வாக்கியம் வாய்க்கு வாய் நகர்ந்து கடைசியில் லாரிக்காரர்கள் நிற்கிற இடம் வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த வாக்கியம். அந்த இடைவெளியில் குற்றாலிங்கத்துக்கு வேலையில்லை. வேலையில்லாத அந்த நேரம்தான் அவனைக் கொல்கிறது. “நான் ஓட்டுக் கேட்டு வரல,” என்றாள். போயிற்று, வரிசை வரிசையாக. “ஓட்டுப் பெட்டியக் கேட்டு வந்திருக்கேன்.” பின்னால் சிரிப்பு, அதுவும் தாமதமாக, தவணை தவணையாக. பென்சில் கோடு போட்டுக்கொண்டே போனது, கனத்த கோடு, மெல்லிய கோடு, ஒரு சுழி. கைக்கு அவளுடைய பேச்சு அத்துப்படி, எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்த இடத்தில் குரலை இறக்குவாள் என்பதெல்லாம் தெரியும், தெரியாமல் எப்படி, வீட்டில் ஒன்றரை வருஷம் ஓடியதல்லவா அந்தப் பேச்சு.

அங்கேதான் போய் இடிக்கிறது, எந்தப் பக்கம் சுற்றினாலும். பதவி உயர்வுக்கான வேகப் பரீட்சைக்குப் பயிற்சி வேண்டும், நிமிஷத்துக்கு நூற்றிருபது சொல், யாராவது பார்த்து வாசிக்க வேண்டும். வாசிக்க ஆவுடை இருந்தாள். பரீட்சையில் கொடுப்பதோ மேடைப் பேச்சு, வீட்டில் மேடைப் பேச்சுக்கு எங்கே போவது, அதனால் அவன் தன் கையால் விரித்தெழுதித் தட்டச்சு செய்த டீச்சர் பேச்சின் கார்பன் பிரதிகளை மடித்துச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தான். யார் கேட்கப்போகிறார்கள், வெறும் பயிற்சிதானே என்று. காலை ஆறு மணிக்கு, அலாரம் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, அவள் வாசிப்பாள், அவன் எழுதுவான், மூச்சு வாங்க நிறுத்தினால் “ம், மேல” என்பான், அவள் தொடருவாள். முதல் மாதம் மளிகைச் சாமான் பட்டியல் போல வாசித்தாள். அப்புறம் ஒரு நாள் நிறுத்திவிட்டு, “இது நெசமாண்ணே? இப்படியா பேசுனாங்க?” என்றாள். ஆமா, ம், மேல. அப்புறம் இறங்கிய இடத்தில் குரல் இறங்கியது, ஏறிய இடத்தில் ஏறியது. “ஏட்டி, உணர்ச்சியெல்லாம் வேண்டாம், எனக்கு வேகந்தான் வேணும்,” என்று கத்தினான். “வேகமாச் சொன்னா பொய் மாதிரி இருக்குண்ணே,” என்றாள். அதற்கப்புறம் தாளைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள், அவன் அதைக் கவனித்தான், கவனித்து, நல்லதுதான், தாள் புரட்டுகிற நேரம் மிச்சம் என்று நினைத்தான், அட மடையா. பரீட்சையில் தேறினான். மாவட்டத்தில் இரண்டாவது. அவள் குரலில் தேறினான். டீச்சரின் சொல்லை அவன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்து ஆறு மணிக்கு உட்கார வைத்து, இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, சொன்னவள் அவள், இவன் வெறும் கை, கையை யார் குற்றம் சொல்வார்கள். “அவுங்ககிட்ட லத்தி இருக்கு, துப்பாக்கி இருக்கு, பேப்பர் இருக்கு,” என்று பலகையிலிருந்து குரல் வந்தது. “நம்மகிட்ட நாம இருக்கோம்.” எழுதினான். பாக்கியத்தாய் கடத்தினாள். இந்தப் பாக்கியத்தாய்தான் அன்றைக்கு ஆவுடைக்குக் கையைக் கட்டிவிட்டவள்.

கையைக் கட்டுவது. அதுவும் டீச்சர் மூளையில் உதித்ததுதான். யாராவது ஒருத்தன் ஆத்திரத்தில் கல்லை எடுத்துவிட்டால் போச்சு, சுடச் சொல்லிவிடுவார்கள், அதனால் மறியலுக்கு உட்காருகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்ட வேண்டும், அவர் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் துணியால் கட்டிவிட வேண்டும், நம்ம கை நம்மகிட்டதான் இருக்கு, ஓங்கினா அது அவங்களோடது ஆயிரும், என்று இதே பலகையில் நின்று சொன்னாள், குற்றாலிங்கம்தான் எழுதினான், எழுதும்போது நல்ல வாக்கியம் என்றுகூடத் தோன்றியது. ஆவுடை அன்று காலையில், “அண்ணே, ஒன் கைக்குட்டை ஒண்ணு எடுத்துக்கிடுதேன்,” என்றாள். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தான். எடுத்துக்கோ என்றான். எடுத்துக்கோ என்று வாயால் சொன்னான். தாலுகா ஆபீஸ் முன்னால் நாற்பது பேர் கட்டிய கையோடு உட்கார்ந்தார்கள், லத்தி வந்தது, முதுகில் அடி வாங்கியவர்கள் குப்புற விழுந்து தப்பித்தார்கள், ஆவுடைக்குத் தலையில். ஒருத்தி தலையில் அடி விழுகிறது, கை தானாக மேலே போக வேண்டுமா இல்லையா, ஆட்டுக்குட்டிகூடத் தலையைத் திருப்பிக்கொள்ளும், அவளுக்குக் கை வரவில்லை, முடிச்சு அப்படி, தையல்காரி போட்ட முடிச்சு. ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். அறுந்த துண்டு பையில் இருக்கிறது. தடுமாறி விழுந்து படிக்கல்லில் மண்டை மோதியதாக அறிக்கை. துக்கத்துக்கு இன்ஸ்பெக்டர் ரோஜா மாலையோடு வந்தார், பதினாறு நாள் லீவு அவரே எழுதிக் கொடுத்தார், தோளில் கை வைத்து அழுத்தினார், நல்ல கனமான கை. திரும்பி வேலைக்கு வந்த அன்று தட்டச்சு செய்யக் கொடுத்த முதல் தாள், பண்டகசாலைக்கு ஒரு கடிதம், உடைந்துபோன லத்தி ஒன்றுக்குப் பதிலாகப் புதிது ஒன்று கோரி, கீழே கையெழுத்து... மனசு அந்த இடத்துக்கு வந்ததும் வழக்கம்போல முரண்டு பிடிக்கிற மாடாகத் திரும்பிக்கொண்டது. தட்டச்சு செய்தான், கொண்டுபோய் வைத்தான், கையெழுத்தாயிற்று, அவ்வளவுதான். அந்தப் பக்கம் போனால் சோறு இல்லை. இந்தப் பக்கம் இருக்கிறாளே, நீலப் புடவை கட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, இவளை வெறுக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, வெறுத்தால் டீ கூட வாங்கித் தருகிறார்கள்.

ஐந்து மணிக்கு மேல் ஆகியிருக்கும், நிழல் பெஞ்சைத் தொட்டது. எங்கே செருகுவது என்பதைப் பதினோரு நாளாக யோசித்து முடிவு செய்து வைத்திருக்கிறான். ஆவுடை பேர் வரட்டும். அவள் செத்ததற்கப்புறம் இதுதான் முதல் கூட்டம், பேர் வராமல் போகாது. வரும், குரல் ஏறும், தியாகி என்பாள், ஆவுடையின் ரத்தம் என்பாள், நம் தலைமுறை மறக்காது என்பாள், இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு பிணம் கிடைத்தால் விடுவார்களா, அந்தத் தியாகி என்ற சொல் அவள் வாயிலிருந்து விழுந்த மறு நிமிஷம் அவன் பென்சில் அந்த வரியை எழுதும், கையில் கிடைத்ததை எடுத்து அடியுங்கள், அவள் வாக்கியங்களைப் போலவே குட்டையாக, அவள் பேசியதுபோலவே, அவளுடைய பாணி இவனைவிட யாருக்குத் தெரியும். கோர்ட்டில் இவன்தான் சாட்சி. கூண்டில் அவள் நிற்பாள், நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி என்பாள், அவன் நோட்டைத் திறந்து சொன்னீர்கள் என்பான். கையில் விலங்கு மாட்டுவார்கள். இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து இருக்கும். முகத்தில் ஈ உட்கார்ந்தால் விரட்ட முடியாது. அந்த ஈயைக்கூட அவன் நினைத்து வைத்திருக்கிறான், எத்தனை ராத்திரி அந்த ஈயோடு தூங்கியிருக்கிறான். சொல்லு, சொல்லித் தொலை, தியாகி என்று சொல்லு. “நாலு மாசத்துக்கு முன்னால,” என்றாள் டீச்சர், பென்சில் நுனி தாளில் ஊன்றி நின்றது, “தாலுகா ஆபீஸ் வாசல்ல ஆவுடைன்னு ஒரு புள்ள செத்துப்போச்சு.” வரிசை வரிசையாக ஆவுடை, ஆவுடை, ஆவுடை என்று பின்னால் போயிற்று. நூறு வாயில் தங்கச்சியின் பெயர். “அவ தியாகி இல்ல,” என்றாள் டீச்சர்.

என்னது? கை எழுதிவிட்டது, காதுக்குத்தான் பிடிபடவில்லை. “தியாகின்னு சொன்னா எனக்கு லேசாப் போயிரும். அவ தையல் படிச்சுக்கிட்டிருந்த புள்ள. வாழ வேண்டியவ.” அவன் நிமிர்ந்தான். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், குரல் இறங்குகிற இடம் இது, ஆனால் இறங்கவில்லை, கணக்குப் பாடம் போல நேரே வந்தது. “கையக் கட்டச் சொன்னது நான். அது தப்பு. அவ தலையக் காக்கவிடாம பண்ணது என் வார்த்தை. அந்தச் சாவுல எனக்குப் பங்கு இருக்கு. எழுதிக்கிடுங்க தம்பி.” எழுதினான். இதை வைத்தே உள்ளே தள்ளிவிடலாம், பொய் வரி எதற்கு, தானே வாக்குமூலம் கொடுக்கிறாள், பைத்தியக்காரி. பாக்கியத்தாய் திரும்பவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு மடியைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒருத்தரும் திரும்பவில்லை. பின்வரிசைகள் காதை நீட்டிக்கொண்டு காத்திருந்தன, என்னம்மா, என்ன சொல்லுதாக, என்று யாரோ கேட்டார்கள். டீச்சர் அவர்களுக்காக நிற்கவில்லை. “அடிச்சது இன்ஸ்பெக்டர் குலசேகரன். மூணு அடி. மூணாவது அடியில லத்தி ஒடஞ்சுது. பத்தடியில நின்னு பாத்தேன். எந்தக் கோர்ட்லயும் சொல்லுவேன்.” ஜீப்பிலிருந்து லத்தியை உருவுகிற சத்தம் கேட்டது. குற்றாலிங்கத்துக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. அவள் முகத்தில் அவன் வீசுவதற்காக நாலு மாதம் சேர்த்து வைத்திருந்ததை அவளே குனிந்து எடுத்துத் தன் தலையில் கொட்டிக்கொண்டாள், அவனுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, இதையும் பிடுங்கிக்கொண்டாள். மன்னிப்பதா? மண்ணாங்கட்டி. ஒப்புக்கொண்டால் ஆயிற்றா, ஆவுடை எழுந்து வந்து ஈரத் தலையோடு உட்கார்ந்துவிடுவாளா. முன்வரிசைக்கு மட்டும் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறாளா. அந்தப் புதிய லத்தி, அது வந்து சேர்ந்ததும் அவன்தான் பதிவு செய்தான், பளபளவென்று எண்ணெய் தேய்த்திருந்தது. மனசு இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை. நேரே போய் முட்டியது.

ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது, எழுந்துவிட்டோம் என்பதே அதற்கப்புறம்தான் அவனுக்குத் தெரிந்தது. போலீஸ் பெஞ்சிலிருந்து ஆள் எழுந்தால் கூட்டம் ஒடுங்கும், ஒடுங்கியது. நோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு பின்வரிசையைப் பார்த்து வாசித்தான். “கையக் கட்டச் சொன்னது நான். அது தப்பு.” பன்னிரண்டு வருஷம் கை பிறர் பேச்சை எழுத, சும்மா கிடந்த தொண்டை, முதலில் கரகரத்தது. கேட்கட்டும், எல்லாரும் கேட்கட்டும், லாரிக்காரன் வரைக்கும் போகட்டும், இவள் தப்பு செய்தாள் என்று இந்த ஊர் வாயாலேயே சொல்லட்டும். “அந்தச் சாவுல எனக்குப் பங்கு இருக்கு.” நடுவில் ஒரு கிழவர் தயங்கித் தயங்கி அதைத் தன் பின்னால் இருந்தவனுக்குச் சொன்னார், அவன் அடுத்தவனுக்கு, நகர்ந்தது. பரிபூரணம் டீச்சர் பலகையில் அசையாமல் நின்றாள், கண்ணிலிருந்து வழிந்தது, துடைக்கக் கையைத் தூக்கவில்லை. நல்லது, தூக்காதே. “வே குத்தாலம்!” வேப்ப மரத்துப் பக்கமிருந்து குரல். “என்ன வே இது, உக்காரும்!” பூட்ஸ் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவசரமாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று வாய் பரபரத்தது, வேகம்தான் அவனுக்கு வரும், மாவட்டத்தில் இரண்டாவது. வேகமாகச் சொல்லவில்லை. வேகமாகச் சொன்னால் பொய் மாதிரி இருக்கும். “அடிச்சது,” என்றான், நிறுத்தினான், பின்வரிசை வந்து சேரட்டும் என்று காத்தான், “இன்ஸ்பெக்டர் குலசேகரன்.” பாக்கியத்தாய் இப்போது எழுந்து நின்றாள். திரும்பினாள். அன்றைக்கு முடிச்சுப் போட்ட அந்தக் கை இரண்டையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, “அடிச்சது இன்ஸ்பெக்டர் குலசேகரன்!” என்று கூவினாள், குலசேகரன், குலசேகரன் என்று வரிசை வரிசையாக அது போயிற்று, அவருடைய பேர் அவரைத் தாண்டி, ஜீப்பைத் தாண்டி, சந்தை வாசல் வரைக்கும் போனதை அவரும் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “மூணு அடி,” என்றான் குற்றாலிங்கம். “மூணாவது அடியில லத்தி ஒடஞ்சுது.” அடுத்தது தாளில் இல்லாத வரி, டீச்சர் சொல்லாதது, பதினோரு நாளாக அவன் செருக நினைத்த இடத்தில் அதைத்தான் சொன்னான்: “புது லத்தி கேட்டுக் கடுதாசி அடிச்சது நான்.”

அதற்குள் ஸ்டூலை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். உட்கார்ந்தான். இன்னும் வெறுப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான், இருந்தது, இரண்டு பக்கமும் இருந்தது, தனக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தது. எத்தனை பிரதி என்று நினைத்தான், நாலு, ஒன்று இங்கே, மூன்று தலைநகருக்கு, வழியில் இன்ஸ்பெக்டர் கை வைக்க முடியாத உறையில். இன்றைக்குள் தட்டச்சு செய்ய விடுவார்களா என்பது வேறு விஷயம், விடாவிட்டாலும் மைதானம் முழுக்கப் பிரதி இருக்கிறது. கூட்டத்தில் குறுக்கே பேசியவர்கள் பெயரை அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும் என்பது விதி. குறித்தான்: (எழுந்து நின்று உரக்கச் சொன்னவர், மா. குற்றாலிங்கம், சுருக்கெழுத்தாளர், இரண்டாம் நிலை. இறந்தவரின் அண்ணன்.) பூட்ஸ் அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றது, எண்ணெய் தேய்த்த லத்தியின் நுனி நோட்டின் ஓரத்தில் படிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. இரண்டாவது பென்சிலை எடுத்துக்கொண்டு பலகையை நிமிர்ந்து பார்த்தான்.

“ம், மேல,” என்றான்.